நாய்க்கு ஒரு கல்லறை

அத்தியாயம் ஏழு

சவ வண்டியில் வந்து இறங்கினால் எந்த வீட்டு வாசலிலும் தானாக வழி விடுவார்கள் என்பது பர்விஸ் அனுபவத்தில் கண்ட உண்மை. செடார் ஹில் மாளிகையிலும் அதுதான் நடந்தது. டன்மோர் கவுண்டியின் பழைய வீடுகளையும் சர்ச்சுகளையும் வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை வெளியாருக்குத் திறந்துவிடுவார்கள். அன்றைக்கு அட்லாண்டாவிலிருந்துகூடக் கார்கள் வந்து புல்வெளி நெடுக நின்றன. நீளமான கறுப்பு வண்டி உள்ளே நுழைந்ததும் இரண்டு பெரியவர்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். பின்னால் ஆள் யாரும் இல்லை, பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று பர்விஸ் ஜாடை காட்டினான்.

"பர்விஸ், வாயை வண்டியிலேயே வெச்சுட்டு இறங்கு," என்றாள் டுரூசில்லா டேட்.

"வெச்சுட்டு வந்தா அதுக்கு யார் மிஸ் காவல்?"

அவன் முன்பு அடக்க நிலையத்தில் ஓட்டுநராக இருந்தவன். துக்க வீட்டாரைச் சிரிக்க வைத்தான் என்று சீட்டைக் கிழித்து அனுப்பியபோது, அவர்கள் கழித்துப் போட்ட வண்டியையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். டுரூசில்லா கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவள். பொய் சொல்கிறவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்பது அவளுக்கு அத்துப்படி. தீவனக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறியும் தொழிலை ஆரம்பித்த நாளிலிருந்து இவன்தான் அவளுக்கு உதவியாளன், தலைவலி, சாரதி எல்லாம்.

இன்று வண்டியில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். இனீவா ரெய்னி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஐம்பதை நெருங்குகிற வயது. அவளுடைய அம்மா கொரிந்தா செவ்வாய்க்கிழமை இறந்துபோனாள். திங்களன்று கறுப்பர்களின் மவுண்ட் நீபோ சர்ச்சில் அடக்கம். கல் செதுக்குகிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: பெயருக்குக் கீழே இன்னாரின் மனைவி என்று போடவா, வேண்டாமா?

அந்தக் கேள்விக்குத்தான் இனீவாவிடம் பதில் இல்லை. அவளுடைய அப்பா ஹோசியா, அவள் ஏழு வயசுப் பெண்ணாக இருந்தபோது காணாமல் போனவர். மவுண்ட் நீபோவில் மணியடித்துக்கொண்டிருந்தவர். ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு நாள் எவளோ ஒருத்தியோடு சிகாகோவுக்கு ரயிலேறிப் போய்விட்டார் என்று ஊர் சொன்னது. ரயிலேறியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர் செடார் ஹில் முதலாளி, பெரியவர் தாக்ஸ்டன். வெள்ளைக்காரர், நிலமெல்லாம் அவருடையது. அவர் பார்த்தேன் என்றால் பார்த்ததுதான். சர்ச்சில் சபை கூடி உறுப்பினர் பட்டியலிலிருந்து ஹோசியாவின் பெயரை அடித்துவிட்டார்கள். கொரிந்தா அன்று எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓடினாரா, செத்தாரா, அது ஒன்று தெரிந்தால் போதும் என்றுதான் இனீவா டுரூசில்லாவிடம் வந்தாள். அம்மாவை ஓடிப்போனவன் பெயரோடு புதைக்கவும் மனசில்லை, யாருமில்லாதவள்போலப் புதைக்கவும் மனசில்லை என்று சொல்லி அழுதாள்.

மூன்று நாளாகத் தோண்டித் துருவியதில் டுரூசில்லாவுக்குக் கிடைத்த நூல்முனை ஒன்றே ஒன்றுதான். கொரிந்தா செடார் ஹில்லில் சமையல்காரியாக இருந்து, முழங்கால் தேய்ந்து, எப்போதோ வேலையை விட்டுவிட்டவள். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் மிலாறுக் குச்சி விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த வீட்டுப் பக்கவாட்டு முற்றத்தைப் பெருக்கப் போவாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. வெள்ளைக்காரன் வீட்டு மண்ணை விட முடியவில்லை பார் இவளுக்கு என்று சர்ச்சில் அவள் காது படவே பேசியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களிலும் இந்தச் சனிக்கிழமை யார் பெருக்குவார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓய்வு வாங்கின மனுஷன் ஆபீஸ் பக்கம் தலை வெச்சுப் படுப்பானா மிஸ்?" என்று கேட்டான் பர்விஸ். "நானெல்லாம் அடக்க நிலையத்துக்கு இனி பொணமாத்தான் போவேன்."

"அதனாலதான் வந்திருக்கோம். நட."

கரோலின் தாக்ஸ்டன் வாசல் தூணருகே நின்று பார்வையாளர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். பெரியவரின் மருமகள், இப்போது விதவை, எழுபதைத் தொட்ட வயது. இனீவாவைக் கண்டதும் அவள் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. கொரிந்தாவுக்காக வருத்தம் சொன்னாள், கையைப் பிடித்துக்கொண்டாள். அடக்கத்துக்கு மலர் அனுப்புவதாகவும் சொன்னாள். பிறகு கூட்டத்தோடு அவர்களையும் உள்ளே அழைத்துப் போய், மாடிப்படி எந்த மரம், கண்ணாடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். கூடை கவிழ்த்ததுபோல் விரிந்த பழங்காலப் பாவாடை கட்டிய இரண்டு பெண்கள் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். பர்விஸ் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு, கதவுக்குள் நுழைய இவர்கள் பக்கவாட்டில் திரும்புவார்களா என்று முணுமுணுத்தான். டுரூசில்லா அவன் காலை மிதித்தாள்.

கூடத்தின் நடுவே, டெலிபோன் மேசைக்கு மேலே, ஒரு நாயின் படம் மாட்டியிருந்தது. இந்த வீட்டுச் சுற்றுலாவில் எல்லாருக்கும் பிடித்த கட்டம் அதுதான். ஐம்பத்தேழாம் வருஷம் களஞ்சியத்தில் தீப்பிடித்தபோது பெரியவர் தாக்ஸ்டனைச் சட்டையைக் கவ்வி வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத் தான் கருகிச் செத்துப்போன சுல்தான். பக்கவாட்டு முற்றத்தில் அதற்குக் கல் வைத்திருக்கிறார்கள். ஒரு காது மட்டும் வெள்ளை, படத்தில் பார்க்கலாம் என்று கரோலின் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் படத்தின் மேல் இல்லை. வந்திருந்த பெண்கள் உச்சுக்கொட்டிவிட்டுச் சாப்பாட்டு அறைக்கு நகர்ந்தார்கள்.

பர்விஸ் நகரவில்லை. படத்தில் கரோலினின் கணவர் வாலிபனாக ஒரு காரில் சாய்ந்து நின்றார். காலடியில் வெள்ளைக் காதோடு சுல்தான் உட்கார்ந்திருந்தது. பர்விஸ் நாயைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ், இந்தக் காரோட வாலைப் பாருங்க. மீன் துடுப்பு மாதிரி மேல ஏறி நிக்குது."

"பார்த்தேன். அதுக்கென்ன?"

"இவ்வளவு உயரமா வந்தது ஒரே ஒரு வருஷ மாடல்லதான். ஐம்பத்தொன்பது. எங்க பழைய முதலாளி இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தார், தினம் நான்தான் துடைப்பேன். ஐம்பத்தேழுல செத்த நாய் ஐம்பத்தொன்பதுல வந்த கார் பக்கத்துல எப்படி மிஸ் உக்காரும்? உயிர்த்தெழுந்துச்சுன்னா அதுக்கும் ஒரு சர்ச் கட்டியிருப்பாங்களே."

டுரூசில்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். மனசுக்குள் ஒன்று பொருந்திவிட்டால் அவள் செய்கிற காரியம் அது. வா என்று மட்டும் சொல்லி, இனீவாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள்.

முற்றத்தில் புல்லே இல்லை. இழுத்து இழுத்துப் பெருக்கி மண் வெறுமையாக, கெட்டியாக இருந்தது. இரண்டு வாரம் ஆள் வராததால் ஓக் இலைகள் உதிர்ந்து கிடந்தன. வேலி ஓரமாகச் சின்ன வெள்ளைக் கல், சுல்தான் என்று பெயர், கீழே வருஷம். இனீவா அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

டுரூசில்லா அவளிடம் ஒரே விஷயம் கேட்டாள். அம்மாவுக்கு நாய் என்றால் பிடிக்குமா?

"பிடிக்கிறதா? சின்னப் புள்ளையில ஒரு நாய் கடிச்சுக் கிழிச்சிடுச்சு அவளை, கெண்டைக்கால்ல தழும்பு இருக்கும். நாய் இருக்கிற வீட்டுப் பக்கமே நடக்கமாட்டா. ரோஸ்கோ அண்ணன் ஒரு குட்டி கொண்டு வந்தப்ப அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டா."

"அப்பேர்ப்பட்டவ முழங்கால் வலியோட நடந்து வந்து, காலமெல்லாம் ஒரு நாயோட கல்லறையைப் பெருக்கினாளாம்மா?"

 பர்விஸ் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தான். பழைய குழியானால் மண் உள்வாங்கும், அது அவனுக்குத் தெரியும். கல்லுக்கு முன்னால் மண் லேசாக உள்வாங்கியிருந்தது. அவன் அந்தப் பள்ளத்தின் ஓரமாக நடந்து பார்த்தான்.

"இம்புட்டு நீளமா ஒரு நாய் இருந்தா அதுக்கு சேணம் கட்டி..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.  கல் மேற்கே இருந்தது. பள்ளம் கிழக்கே நீண்டது. அவன் ஓட்டிப் போன ஒவ்வொரு பெட்டியையும் இந்தக் கவுண்டியில் அப்படித்தான் இறக்கினார்கள். கடைசி நாளில் எழுந்து உட்காரும்போது சூரியன் உதிக்கிற திசையைப் பார்க்க வேண்டும் என்று தலை மேற்கே, கால் கிழக்கே. வெள்ளையர் சர்ச்சிலும் அதுதான், கறுப்பர் சர்ச்சிலும் அதுதான். நாயை யாரும் அப்படிப் புதைக்கமாட்டார்கள். நாய் எழுந்து எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன?

அவன் தொப்பியைக் கழற்றினான். இன்றைக்கு அந்த வீட்டில் தொப்பி கழற்றியவர்களில் காரணம் தெரிந்து கழற்றியவன் அவன் ஒருவன்தான்.

"மிஸ்," என்றான் மெதுவாக. "இது ஆளு."

டுரூசில்லா தலையசைத்தாள். புதைக்கச் சொன்னவனுக்கு ஒரு பொய் போதுமாக இருந்தது, புதைத்தவனுக்கு ஒரு மனுஷனைத் தாறுமாறாகப் படுக்க வைக்க மனம் வரவில்லை என்று இனீவாவிடம் சொன்னாள். ஹோசியா எந்த ரயிலிலும் ஏறவில்லை. கொரிந்தாவுக்கு எப்போதோ ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும், அதனால்தான் வந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்றாள்.

இனீவா அதற்குள் மண்டியிட்டிருந்தாள். கல்லின் அடியில் இலையை ஒதுக்கினாள். மண்ணில் கவிழ்த்துப் பதித்த ஒரு கோப்பையின் அடிப்பாகம் தெரிந்தது, அதை மண்ணிலிருந்து எடுத்தாள். நீலப் பூப்போட்ட பீங்கான், பிடி உடைந்தது, ஓரம் வேண்டுமென்றே தட்டி உடைக்கப்பட்டது. செத்தவர் கடைசியாகக் குடித்த கோப்பையை உடைத்துக் கல்லறை மேல் வைப்பது மவுண்ட் நீபோ கல்லறைத் தோட்டத்தில் வழக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் வருகிறவர்கள் பார்த்தால் உடைந்த சில்லு என்று நினைத்திருப்பார்கள்.

"சந்தேகம் இல்ல மிஸ் டேட்," என்றாள் இனீவா.  "இது அப்பாவோட காபிக் கோப்பை. அவர் போன வாரமே இது காணோம். எங்கேன்னு கேட்டேன், உடைஞ்சு போச்சுன்னா. அம்மாதான் கோவத்துல விட்டெறிஞ்சிருப்பான்னு நினைச்சேன். அம்மாவுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. மொதல் நாள்லேருந்து தெரிஞ்சிருக்கு."

டுரூசில்லாவுக்கு இது எதிர்பாராதது. சந்தேகத்தோடு தேடி வந்த கொரிந்தாவைத்தான் அவள் மனசில் வைத்திருந்தாள். தெரிந்தே வந்த ஒருத்தியை வைத்திருக்கவில்லை. அவள் கணக்குத் தப்புவது அபூர்வம், தப்பும்போது அதை ஒத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியும். நான் நினைச்சது தப்பு என்று சொல்லிவிட்டு இனீவாவின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கரோலின் தாக்ஸ்டன் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தது அப்போதுதான். மூன்று பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தாள். கோப்பையைப் பார்த்தாள். மறுக்கப்போகிறாள் என்று பர்விஸ் எதிர்பார்த்தான். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

மவுண்ட் நீபோ நிற்கிற மண் தாக்ஸ்டன் நிலத்தின் ஓரம். அடிமைக் காலம் முடிந்தபோது வாய்வார்த்தையாகக் கொடுத்தது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் பெரியவர் ஒரு விடியற்காலையில் கட்டடத்தை இழுத்துத் தள்ள டிராக்டரும் சங்கிலியுமாக ஆள் அனுப்பினார். ஹோசியா ஓடிப்போய் மணியடித்தார். கை கிழியக் கிழிய, ஊர் முழுக்க வந்து சேரும்வரை அடித்தார். டிராக்டர் திரும்பிப் போயிற்று. மறு வாரம் பேச வேண்டும் என்று ஹோசியாவை இந்த முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"நான் கல்யாணமாகி வந்த புதுசு. மாடி சன்னல்ல நின்னுட்டிருந்தேன். மணியடிச்சது தப்புன்னு என் ஆளுங்க முன்னால சொல்லுன்னார் மாமனார். ஹோசியா தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு, சொல்லமுடியாதுங்கய்யான்னார். அவ்வளவுதான். அப்புறம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது."

தோட்டக்காரர் மோஸைக் கூப்பிட்டுப் புதைக்கச் சொன்னார்களாம். நாயைத் தூரத்துப் பண்ணைக்கு அனுப்பிவிட்டு இந்தக் கல்லை வைத்தார்கள். மோஸ் மவுண்ட் நீபோ ஆள், அன்றிரவே கொரிந்தாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். சில நாள் கழித்துக் கொரிந்தா வந்து சமையல் வேலை கேட்டாள். முற்றத்தையும் நானே பெருக்கிக்கொள்கிறேன் என்றாள். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். புருஷன் மேலேயே விளக்குமாறு போடுகிறாள், தெரியாமல் போடுகிறாள் என்று அவருக்கு அது சாகும்வரை ஒரு வேடிக்கை.

"கோப்பையைப் பார்த்த அன்னிக்கு எனக்குப் புரிஞ்சுது, அவளுக்குத் தெரியும்னு. ஒரு நாள் அவ கிட்டக் கேட்டேன், ஏன் கொரிந்தா பேசாம இருக்கேன்னு. எம் புள்ளைக்குப் பதினாறு வயசு, தெரிஞ்சா துப்பாக்கி எடுத்துட்டு வருவான், அப்புறம் ரெண்டு குழி பெருக்கணும்னு சொன்னா."

இனீவா முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளை ரோஸ்கோ. அப்பனைத் தேடிப் பிடித்து நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன் என்று சிகாகோவுக்குப் போனவன். தெருத் தெருவாகத் தேடி, குடித்து, அங்கேயே தனியாகச் செத்தான். சாகும்போதுகூட அப்பனைத் திட்டிக்கொண்டுதான் செத்தான் என்று கடிதம் வந்தது. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எழுந்து போய் விளக்குமாற்றை எடுத்தாள். அன்றைக்கு அவள் மேல் வந்த வெறுப்பு இனீவாவுக்கு இன்னும் நினைவிருந்தது. இப்போது அந்த வெறுப்பை எங்கே கொண்டு போய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகன் உயிரோடு இருக்கட்டும் என்று அம்மா வாயைக் கட்டினாள். மகன் இருந்தான், இருந்து என்ன? இதைச் சரி என்று சொல்லவும் அவளால் முடியவில்லை, தப்பு என்று சொல்லவும் முடியவில்லை. வாய்விட்டு அழுதாள், அவ்வளவுதான்.

"அந்தப் படத்தை மாட்டினது யாரு?" என்று கேட்டாள் டுரூசில்லா.

"நான்தான். மாமனார் போனப்புறம். என் புருஷன் புதுக் கார் வாங்கினதும் அந்தப் பண்ணைக்குப் போய் நாயோட எடுத்துக்கிட்ட படம். யாராவது பார்த்துட்டுக் கேப்பாங்கன்னு மாட்டினேன். வருஷா வருஷம் இத்தனை பேர் வர்றாங்க. யாருமே கேக்கல."

இனீவா தலையை நிமிர்த்தினாள்.

"கேட்டாத்தான் சொல்வீங்களா?"

 கரோலின் தன்னாலானதைச் செய்வதாகச் சொன்னாள். நல்ல பெட்டியாக வரவழைக்கிறேன், யாருக்கும் தெரியாமல் அமைதியாக எடுத்துவிடலாம், சுற்றுலா நாட்கள் முடியட்டும், வெளியே தெரிந்தால் குடும்பத்தின் பெயர் என்று ஆரம்பித்தாள். தன் காதிலேயே அது எப்படி விழுந்ததோ, பாதியில் நிறுத்திவிட்டாள்.

டுரூசில்லா எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். ஷெரிப்புக்கு இப்போதே சொல்லியாக வேண்டும், கவுண்டி டாக்டர் வந்து பார்க்க வேண்டும், திங்கட்கிழமைக்குள் முடிகிற காரியம் இல்லை என்றாள். ஷெரிப் ஆபீசுக்கு நானே போகிறேன், அதுவரை இங்கே யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று கரோலினிடம் சொன்னாள்.

"திங்கட்கிழமை வேண்டாம்," என்றாள் இனீவா. "அம்மா இத்தனை வருஷம் காத்திருந்தா, இன்னும் ஒரு வாரம் காத்திருப்பா. கல்லுல என்ன போடணும்னு கல் செதுக்குறவருக்கு நானே போய்ச் சொல்லிக்கிறேன். பர்விஸ், உனக்குக் குழி வெட்டுற லூதரைத் தெரியும்ல? நாளைக் காலையில வெட்ட ஆரம்பிக்கிறேன்னாரு. வேண்டாம்னு சொல்லு. அடுத்த வாரம் வெட்டட்டும், ரெண்டா வெட்டட்டும். பக்கத்துப் பக்கத்துல."

பர்விஸ் கூடத்துக்குப் போனான். டெலிபோன் அந்தப் படத்துக்குக் கீழேதான் இருந்தது. புதிதாக ஒரு கூட்டம் உள்ளே வந்து எலுமிச்சைச் சாறுக்கு வரிசையில் நின்றது. கரோலினும் பின்னாலேயே வந்து படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  பர்விஸ் எண்ணைச் சுழற்றினான். லூதர் எடுத்ததும் விஷயத்தைச் சொன்னான். மறுபக்கம் கிழவர் குழம்பினார். கொரிந்தாவுக்கு ஒன்று சரி, இரண்டாவது யாருக்கு என்று கேட்டார்.

வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்குப் பர்விஸிடம் நாலு பதில் தயாராக இருக்கும். இன்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூடத்திலிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஹோசியா ரெய்னிக்கு."

"ஓடிப்போனானே, அந்த ஹோசியாவா?" என்றார் லூதர். "பேரை அடிக்கச் சொல்லி அன்னிக்கு சபையில நானும் கை தூக்கினேனேப்பா. எங்கேருந்து கொண்டு வர்றீங்க, சிகாகோவிலேருந்தா?"

"இல்ல லூதர்," என்றான் பர்விஸ். "அவர் எங்கேயும் போகல."